சுமார் சிலுவைராசன்

சிலுவைராசனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கும் செய்தியை உயர்கரைச் சந்தையின் வாசற்கதவுதான் முதலில் அறிவித்தது.

"வாழ்த்துகள், சிலுவைராசன்! தாயும் இரண்டு சேய்களும் நலம். பச்சை உடம்பு, கனமான பை தூக்க வேண்டாம்" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த பூசணிக்காயைப் பிடுங்கித் தள்ளுவண்டியில் போட்டது.

சிலுவைராசனுக்கு வயது அறுபத்தாறு. கட்டைப் பிரம்மச்சாரி. கடலில் விழுந்தவன் பிடித்துக்கொண்டு கரையேறலாம் போல ஒரு மீசை. அந்த மீசை இரண்டு பக்கமும் துடிக்க, "எவன்டா உள்ள இருக்கிறது? வெளிய வாடா!" என்று கதவை ஓர் உதை விட்டார். கதவுக்குள் யார் இருக்கப்போகிறார்கள்?

பின்னால் வரிசையில் நின்ற ஜொகரா பீவி சிரித்த சிரிப்பில் தக்காளிக் கூடை சரிந்து, தக்காளி ஊர் எல்லை வரை உருண்டது. "ஏன் சிலுவைண்ணே, எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லலியே? மூணு மாசத்துலயே மாங்கா கேட்டிருந்தா நான் ஊறுகா போட்டுக் குடுத்திருப்பேனே!"

ஜொகராவுக்குப் பின்னால் முருங்கைக்காயும் கையுமாக நின்ற அமலோற்பவம் சிரிக்கவில்லை. நேற்று இரட்டைப் பிள்ளை பெற்றவள் ஜொகராவின் மகள் ஷமீமா. ஷமீமாவும் சிலுவைராசனும் ஜொகராவும் அமலோற்பவமும் ஒரே பேருந்தில் இந்த ஊருக்கு வந்தவர்கள். ஏழாம் எண் பேருந்து. போன வாரம் அலுவலகத்தில் அவள் கைவைத்ததும் அதே ஏழாம் எண் பேருந்தின் பட்டியல் மேல்தான்.

கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போக மறுத்தபோது, மூன்றுதெங்கு கிராமத்தை அரசாங்கம் பேருந்து பேருந்தாக ஏற்றிக்கொண்டு வந்து இந்த மேட்டில் இறக்கியது. அதற்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. வரும் வழியில் ஓர் அதிகாரி பேருந்துக்குள் ஏறி, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு கருவியால் பிடித்து ஆளுக்கோர் எண் கொடுத்தார். இருபத்திரண்டு இலக்கம். ஊர், நாள், பேருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். கடைசி மூன்று இலக்கம் மட்டும் அவரவர் உட்கார்ந்திருந்த இருக்கை. எண்ணை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. செய்ய உட்கார்ந்தால் பாதியில் பேரன் எடுத்துவிடும் நீளம் அது. முகத்தைக் காட்டினால் போதும். கதவு, குழாய், மருந்துப் பெட்டி எல்லாம் முகத்தைப் பார்த்து எண்ணைத் தேடி, எண்ணைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளும்.

அந்த எண்களைத் துவைத்துக் காயப்போடுவதுதான் அமலோற்பவத்தின் வேலை. பெயர்ப்பலகையில் தரவு ஆயத்தப் பிரிவு என்று இருக்கும்; ஊர் வாயில் அது சலவைக்கடை. நகரத்தின் தகவல்கள் அழுக்கும் கசங்கலுமாக அவளிடம் வந்து சேரும். ஒரே பெயர் ஆறு விதமாக எழுதப்பட்டிருக்கும், ஒருவர் வயது நானூற்றுப் பன்னிரண்டு என்றிருக்கும், வீட்டு முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நாய் பெயர் இருக்கும். எல்லாவற்றையும் வெள்ளாவி என்ற மென்பொருளில் போட்டு எடுத்தால் பளிச்சென்று வெளுத்து வரும். நல்ல மென்பொருள். அழகின் மேல்தான் அதற்குக் கொஞ்சம் பைத்தியம்.

போன வாரம் தலைநகரத்திலிருந்து பார்வைக் குழு வருகிறதென்று இயக்குநர் ஆளவந்தாருக்குக் கை கால் ஓடவில்லை. சுவரளவு திரையில் தகவலையெல்லாம் ஓடவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது, இந்த எண் மட்டும் பீரோவை மூடினப்புறமும் வெளியே தொங்குற சேலை மாதிரி நீண்டுக்கிட்டிருக்கு? கொஞ்சம் சுருக்கிக் காட்டுங்க" என்றார். மாதிரிக்கு ஒரு பேருந்தை எடுத்தாள். சொந்தப் பேருந்தையே எடுத்தாள், உரிமையோடு. 'அழகாகக் காட்டு' என்ற பொத்தானை அழுத்தினாள். எண் சமர்த்தாகச் சுருங்கிக்கொண்டது. கைப்பழக்கத்தில் 'சேமி' என்பதையும் அழுத்தினாள். பார்வைக் குழு வந்து, மெதுவடை சாப்பிட்டு, திரை இருந்த பக்கம் திரும்பாமலே போய்விட்டது.

அதன் பலன்தான் சிலுவைராசனுக்கு இரட்டைப் பிள்ளை.

அடுத்த சில நாட்கள் ஏழாம் எண் பேருந்துக்காரர்களுக்குத் திருவிழா. பைபாஸ் சாலையில் மோட்டார் பந்தயம் ஓட்டியதற்காக ஜொகரா பீவியைக் காவல் நிலையம் கண்டித்தது. அவர் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார். பேருந்தில் யாருக்கோ சர்க்கரை வியாதி. அமலோற்பவத்தின் வீட்டுக் காபி இயந்திரம் அவளுக்குப் பாகற்காய்ச் சாறு பிழிந்து கொடுத்தது. ஷமீமாவின் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய தடுப்பூசி ஊர் முழுக்க மீசைக்காரரைத் துரத்தியது.

செவ்வாய்க்கிழமையோடு சிரிப்பு நின்றது. முதல் நாள் மாலை, ஐஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற கலியபெருமாள் பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், திருப்புளியைப் பிடித்த பிடியிலேயே போய்ச் சேர்ந்தார். ஓடாத எந்த இயந்திரத்தையும் ஓடவைத்துவிட்டுத்தான் நகர்வார் மனுஷன். அந்த விசிறியும் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். அடக்கமெல்லாம் முடிந்து வந்து மறுநாள் குழாயைத் திறந்தால், பேருந்துக்காரர்கள் யாருக்கும் தண்ணீர் வரவில்லை.

"நீங்கள் காலமாகிவிட்டீர்கள். ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றது குழாய்.

மிச்சமிருந்த முப்பத்தெட்டு பேருக்கும் இதே பதில். பேருந்தே காலமாகிவிட்டது.

ஜொகரா பீவியின் பஜ்ஜிக் கடையில் அமலோற்பவம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். சிலுவைராசன் வாழைக்காய் பஜ்ஜியோடு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"சுருக்கிக் காட்டினா சுருங்கித்தானே தெரியும்? உள்ள முழுசா இருக்காதா?" என்றார் ஜொகரா, கரண்டியை எண்ணெய்க்கு மேல் நிறுத்தி.

"காட்டுறதோட விட்டிருந்தா இருந்திருக்கும் பீவியக்கா. நான் சுருக்கினதையே சேமிச்சுட்டேன். இவ்வளவு நீள எண்ணை வெள்ளாவி ஒரு தொகைன்னு நினைச்சுடுச்சு. கோடானுகோடியில கடைசி மூணு இலக்கம் போனா என்ன குடிமுழுகுதுன்னு அதைப் பூஜ்யமாக்கிடுச்சு. நம்ம எல்லாருக்கும் மாறுறதே அந்தக் கடைசி மூணுதான். அது போனப்புறம் நாம எல்லாரும் ஒரே ஆள்."

"தொகை இல்லாம வேற என்னா அது?"

"பேரு. பேருக்கு நடுவுல கூட்டல் கழித்தல் ஏது? ஆயிரம் பேர் வந்தாங்கன்னா சுமார் ஆயிரம்னு சொல்லலாம். சிலுவைண்ணன் வந்தாருன்னா, சுமார் சிலுவைராசன் வந்தாருன்னு சொல்ல முடியுமா?"

"முடியுமே" என்றார் ஜொகரா. "காலையில பல் செட்டு மாட்டாம வருவாரு பாரு, அப்ப சுமார் சிலுவைராசன்தான்."

"பழைய பிரதி எதுவும் இல்லியா தங்கச்சி?" என்றார் சிலுவைராசன்.

"அதையும் தினமும் வெள்ளாவிதான் வெளுக்குது அண்ணே. அதுலயும் பூஜ்யம்தான்."

"சரி விடு. ரெண்டு நாள் பக்கத்து வீட்டுத் தண்ணியில குளிச்சுக்கிறோம். செத்தவன் குளிச்சா என்ன, குளிக்காட்டி என்ன!"

"தண்ணி இல்லண்ணே விஷயம்." என்றாள் அமலோற்பவம். "உங்க நெஞ்சுல வச்சிருக்காங்களே, இதயமுடுக்கி. அதுக்குள்ள உங்க முழு எண்ணையும் பதிச்சிருக்காங்க. வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அது தலைநகரத்தைக் கேக்கும், இந்த எண்ணுக்காரர் இருக்காரான்னு. போன வெள்ளிக்கிழமை அங்க பழைய பட்டியலே இருந்துச்சு, தப்பிச்சீங்க. இந்த வாரம் இல்லைன்னு பதில் வந்தா..."

சிலுவைராசன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"செத்தவங்க சாதனத்தை நிறுத்திடணும்னு விதி. கழட்டி எடுத்து அடுத்தவங்களுக்கு வைக்க."

பிறகு ஜொகரா பீவி சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே இன்னொரு பஜ்ஜியை அவர் தட்டில் வைத்தார்.

"டாக்டரு அந்த எண்ணைப் படிச்சுச் சொல்லிட மாட்டாரா?"

"அது யாருக்கும் வாயைத் திறக்காது. அந்தரங்கச் சட்டம். நவம்பர்ல உயிர்வாழ் சான்று வாங்க ஒரு வண்டி வருமே, அந்த இயந்திரத்துக்கிட்ட மட்டும்தான் பேசும். இது ஆடி மாசம்."

ஆளவந்தார் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கே இதயமுடுக்கி தேவைப்படும் நிலை வந்துவிட்டது. தலைநகரத்துக்குப் பேசினார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். "திங்கட்கிழமை அவரை எடுத்துட்டுத்தான் போகணும்" என்று அவர் கத்திய கத்தலில் தலைநகரத்தில் யாருக்கோ காது போயிருக்கும். பிறகு நாற்காலியில் சரிந்து, "என்னம்மா செய்யலாம்?" என்றார்.

"கடைசி மூணு இலக்கம் இருக்கை வரிசை சார். யார் எங்க உக்காந்திருந்தாங்கன்னு தெரிஞ்சா நானே திரும்பப் போட்டுடுவேன். போட்டுட்டு, கலியபெருமாள் அண்ணன் இறப்பை அவர் எண்ணோட மட்டும் சேர்த்துடலாம்."

"ஒன்பது வருஷம் முன்னாடி யார் எங்க உக்காந்தாங்கன்னு யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்?"

"சார், எங்க ஊர்க்காரங்களுக்குச் சாப்பிட்டது மறக்கும். ஜன்னல் சீட்டை யார் பிடிச்சாங்கன்னு மறக்காது."

அந்த ஏழாம் எண் பேருந்து இப்போதும் பணிமனையின் மூலையில் கிடந்தது. ஒன்பது வருஷமாக அதில் கோழிகள் குடும்பம் நடத்திவந்தன. வியாழக்கிழமை காலை கோழிகளைக் காலிசெய்துவிட்டு முப்பத்தெட்டு பேர் ஏறினார்கள். ஏறிய கணத்தில் ஒன்பது வருஷம் கழன்று போனது. அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"இது என் இடம். இந்தக் கம்பியில என் முந்தானை மாட்டிக் கிழிஞ்சுது."

"அது கிழிஞ்சது பின் சீட்டுல. நீ அன்னைக்கும் இதே பொய்யைத்தான் சொன்னே!"

"டேய், உன் புளிசோத்துப் பொட்டலம் எண்ணெ சிந்தின இடத்துல உக்காரு, கறை இன்னும் இருக்கு பாரு!"

ஷமீமா இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார, "இவங்க ரெண்டு பேரும் அன்னைக்கு வரல, இறக்கு" என்று ஒரு சட்டநிபுணர் ஆட்சேபித்தார். அமலோற்பவம் நடைவழியில் நின்று, புளிக்கறைக்கும் கிழிந்த முந்தானைக்கும் நடுவில் ஒவ்வோர் எண்ணாகத் திரும்பப் போட்டாள். உச்சிவெயில் ஏறுவதற்குள் எல்லாரும் மறுபடி தனித்தனி ஆளானார்கள். ஜன்னலோரம் ஒன்றும் நடைவழியோரம் ஒன்றுமாக, இரண்டு எண் மட்டும் பாக்கி. அதில் உட்கார்ந்து வந்தவர்கள் சிலுவைராசனும் கலியபெருமாளும்.

அந்த இருக்கையின் கதை உயர்கரையில் எல்லாருக்கும் தெரியும். நாற்பது வருஷம் புயலிலும் படகு ஓட்டிய சிலுவைராசனுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்துவிட்டார். ஜன்னலோரம் இருந்த கலியபெருமாள் எழுந்து அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தார். கல்யாணம், காதுகுத்து, எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தக் கதை நடக்கும். கலியபெருமாள் வாந்தியை நடித்துக் காட்டுவார், சிலுவைராசன் மீசையை முறுக்கி மறுப்பார், ஊர் உருண்டு புரளும்.

"அப்ப சுலபம்தானே?" என்றார் ஜொகரா. "எண் குடுக்க அந்த ஆபீசரு ஏறினது திருத்துறைப்பூண்டி தாண்டி. இவரு வாந்தி எடுத்தது பஸ்ஸு கிளம்பறதுக்கு முன்னாடியே. அப்பவே இடம் மாறியாச்சு. ஜன்னல் எண் சிலுவைண்ணனுது. நடைவழி எண் கலியபெருமாள் அண்ணனுது. அதை மூடிடு."

"ஆமா, ஆமா" என்று பேருந்து முழுக்கத் தலையாட்டியது. சிலுவைராசனே நெஞ்சில் கைவைத்து, "வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம். ஆபீசரு வந்தப்ப நான் ஜன்னல்லதான் இருந்தேன்" என்றார்.

அமலோற்பவம் விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

"இரு அமலு."

கலியபெருமாளின் மனைவி மங்கையர்க்கரசி அந்த இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் அங்கேதான். முன்னால் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நிச்சயமாத் தெரியல" என்றாள்.

"என்ன தங்கச்சி, நானே சொல்றேன்ல, என் வாந்தி எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, முதல் வருஷம் நீங்களும் அவங்களும் இந்தக் கதையைச் சொன்னப்ப, வாந்தி ஆபீசரு ஏறின இடத்தையெல்லாம் தாண்டி மன்னார்குடிகிட்ட வந்துச்சு. மறுவருஷம் கிளம்பின உடனே வந்துச்சு. அப்புறம் கிளம்பறதுக்கு முன்னாடி. போன பொங்கலுக்குச் சொன்னப்ப டிரைவரே இன்னும் ஏறல. இன்னும் ரெண்டு வருஷம் போனா, அரசாங்கம் பஸ்ஸு வாங்கறதுக்கு முன்னாடியே நீங்க வாந்தி எடுத்திருப்பீங்க."

பேருந்து சிரித்தது. மங்கையும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிப்பு வரணும்னு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி தள்ளிக்கிட்டே வந்தோம். நானும் எடுத்துக் குடுத்திருக்கேன். இப்ப எது நடந்துச்சு, எது நாங்க சேத்ததுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. ஆபீசரு வந்தப்ப எனக்கு முன்னாடி ரெண்டு பின்னந்தலை இருந்துச்சு, அவ்வளவுதான் தெரியும். தப்பான எண்ணை மூடினா என்ன ஆகும் அமலு?"

அமலோற்பவம் சிலுவைராசனின் நெஞ்சைப் பார்த்தாள்.

"அப்ப எதையும் மூடாதே. ரெண்டு எண்ணும் இருக்கட்டும். அவங்க உசிரோட இருக்காங்கன்னே எழுதிக்க."

"அக்கா, அதுல ஒரு சிக்கல் இருக்கு." அமலோற்பவம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்த ஊரை விட்டு வேற ஊருக்குக் குடிபோக, மாசக்கணக்காத் தங்கக்கூட, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சம்மதமும் கேக்கும். ஒருத்தர் இறந்துட்டா மத்தவங்க சம்மதம் போதும். அண்ணன் இருக்காருன்னு எழுதினா, அவரு கையை வச்சாத்தான் நீங்க தேனு வீட்டுக்குப் போக முடியும்."

மங்கையின் மகள் தேன்மொழி கோயம்புத்தூரில் இருந்தாள். தலைப்பிள்ளை, நாலாம் மாதம். எழுந்து நடக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பன் முகத்தைப் பார்க்கக்கூட அவளால் வர முடியவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மகள் வீட்டுக்குக் கிளம்ப மங்கை பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"நவம்பர் வண்டி வர்ற வரைக்கும். அதுக்கிட்ட சிலுவைண்ணன் நெஞ்சு பேசும். அப்ப தெரிஞ்சுடும்."

"நீ கிறுக்கா மங்கை?" சிலுவைராசன் எழுந்து நின்று கத்தினார். "அங்க புள்ள தனியாக் கிடக்குது. எனக்கு ஞாபகம் இருக்குங்கிறேன்! மூடு அமலு, நான் சொல்றேன், மூடு!"

"உங்க ஞாபகத்தை நம்பி உங்களைக் கொல்ல முடியாது அண்ணே" என்றாள் மங்கை. "உக்காருங்க. எந்திரிச்சு நின்னா மறுபடி வாந்தி வரும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழாம் எண் பேருந்து முழுக்க பஜ்ஜிக் கடை வாசலில் நின்றது. சிலுவைராசன் நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்த்தப்பட்டிருந்தார். பேசினால் இதயத்துக்குத் தொந்தரவு என்று யாரும் பேசவில்லை. அந்த ஊர் அவ்வளவு அமைதியாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை. காக்கைகள் பயந்து மரம் மாறின. மாதா கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்தது. சிலுவைராசன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அடிக்குது" என்றார்.

ஜொகரா பீவி அன்றைக்குப் போட்ட பஜ்ஜிக்குக் கணக்கே கிடையாது.

அந்த நான்கு மாதமும் மங்கை காலையும் மாலையும் மகளோடு திரையில் பேசினாள். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்று இங்கிருந்தே சமைத்துக் காட்டினாள். எதிர்வீட்டுச் சிலுவைராசன் அந்த நேரத்தில் வெளியே வரமாட்டார். மங்கை முகத்தைப் பார்க்கக் கூசி, அவள் வீட்டுக் குழாய், மிக்ஸி, கதவுக் கீல் என்று ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்க ஆரம்பித்தார். படகு தவிர வேறெதையும் திறந்து பார்த்திராத கை. மிக்ஸி மூடி பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. "அவங்க இருந்திருந்தா உங்களை உள்ள விட்டிருக்க மாட்டாங்க" என்றாள் மங்கை.

நவம்பரில் வண்டி வந்தது. சமுதாயக் கூடத்தில் இயந்திரத்தை வைத்து, பேருந்து வாரியாக, இருக்கை வரிசைப்படி கூப்பிட்டார்கள். பெயர் சொன்னதும் மணிக்கட்டை அதன் மேல் வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். உடம்புக்குள் கருவி இருந்தால், அதில் பதிந்த எண்ணும் பொருந்த வேண்டும். அமலோற்பவம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

சிலுவைராசன் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். "என் பேரைக் கூப்பிடும், பச்சை எரியும். கலியனை மூடிட்டு, ராத்திரிக்குள்ள மங்கையைக் கோயம்புத்தூர் வண்டியில ஏத்திவிட்டுட்டுத்தான் சாப்பாடு" என்று ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தார்.

"சிலுவைராசன்" என்றது இயந்திரம். ஜன்னலோரத்து எண்.

மணிக்கட்டை வைத்தார். சிவப்பு.

"வேர்வையா இருக்கும்" என்று வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"சிலுவைராசன். பதில் இல்லை."

மூன்றாம் முறையும் சிவப்பு. "சிலுவைராசன். காலமானதாகப் பதியப்படுகிறது. ஆழ்ந்த அனுதாபங்கள்."

அமலோற்பவம் தன் விரலைப் பார்த்தாள். அன்றைக்குப் பொத்தானுக்கு மேல் நின்ற அதே விரல்.

"கலியபெருமாள்" என்றது இயந்திரம். நடைவழியோரத்து எண்.

மங்கை எழுந்து வந்தாள். மரம்போல நின்றிருந்த சிலுவைராசனின் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

பச்சை எரிந்தது.

"வணக்கம், கலியபெருமாள். பொருந்துகிறது. நலமாக இருக்கிறீர்கள்."

ஆக, அதிகாரி வந்துபோன பிறகுதான் வாந்தி. முதல் வருஷத்துக் கதைதான் உண்மை. பேருந்து முழுக்கத் தலையாட்டி, மாதா மேல் சத்தியமும் செய்து மூடச் சொன்ன எண் சிலுவைராசனுடைய சொந்த எண். பெஞ்சில் இருந்த ஜொகரா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது தன் வேலையைத் தொடர்ந்தது. "கலியபெருமாள், ஒரு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. உங்கள் மனைவி மங்கையர்க்கரசி கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குக் குடிபோக விரும்புகிறார். சம்மதமா?"

சிலுவைராசன் மங்கையைப் பார்த்தார். மீசை ஆடியது.

"போகட்டும்" என்றார். "போகட்டும்னு சொல்லு. ஜன்னலோரம் உக்காந்து போகச் சொல்லு."

"சம்மதம் பதியப்பட்டது" என்றது இயந்திரம். ஜன்னலைப் பற்றி அதற்குக் கருத்தில்லை.

கூட்டம் கலைந்த பின் அமலோற்பவம் மங்கையின் பக்கத்தில் வந்தாள். "அக்கா, இப்பத் தெளிவாயிடுச்சு. ரெண்டு பேர் பேரையும் இடம் மாத்திப் போட்டாப் போதும். சிலுவைண்ணன் உசிரோட இருப்பாரு, அண்ணன் கணக்கு முடிஞ்சுடும். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

மங்கை பேனாவை வாங்கினாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"தை வரட்டும் அமலு. அவங்க தாத்தா ஆகட்டும். அப்புறம் மாத்திக்கலாம்." திரும்பி, "ஏன் அண்ணே, அதுவரைக்கும் செத்துக் கிடக்க உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?"

"எனக்கென்ன அவசரம்?" என்றார் காலஞ்சென்ற சிலுவைராசன்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள், அமலோற்பவம் சந்தைக்குப் போனபோது அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு பூசணிக்காய். வாசற்கதவு அவர் முகத்தைப் பார்த்தது, உள்ளுக்குள் எதையோ தேடியது, குரலில் தேனை ஊற்றிக்கொண்டது.

"வாழ்த்துகள், கலியபெருமாள்! பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம்."

பின்னால் நின்றவர்கள் அவர் உதைப்பாரென்று விலகினார்கள். அவர் உதைக்கவில்லை. பூசணிக்காயை மெதுவாகக் கீழே வைத்தார். வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, பெரிய மனுஷரிடம் பேசுவதுபோல் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"எடை எவ்வளவு?"

"சுமார் மூன்று கிலோ."

"அதென்ன சுமார்?" மீசை துடித்தது. "சுமாரா ஒரு புள்ளை பொறக்குமா? எங்க வீட்டுப் புள்ளைக்குச் சரியாச் சொல்லு."

கதவு ஒரு கணம் யோசித்தது. "மூன்று கிலோ நூற்று நாற்பத்தேழு கிராம்" என்றது.

"நூத்து நாப்பத்தேழு" என்று அவர் திரும்பி அமலோற்பவத்திடம் சொன்னார். "கேட்டியா தங்கச்சி? நூத்து நாப்பத்தேழு. எழுதிக்க, ஒண்ணு விடாம."